சீரான இதயமும் இறங்காத பாலும்

பிறவி இதயக் குறையுடன் பிறக்கும் சிசுவைக் காப்பது ஒரு காலத்தில் எட்டாக் கனியாக இருந்தது. இன்று அந்நிலை மாறியுள்ளது. உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 8 அல்லது 9 பேருக்கு இக்குறை உண்டு. அவர்களுள் சிலருக்குப் பிறந்த சில நாள்களிலேயே அறுவை தேவைப்படுகிறது. கேரள அரசு 2017-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஹ்ருத்யம்’ திட்டம் இக்குழந்தைகளைப் பதிவேட்டில் பதிந்து, கட்டணமின்றிச் சிகிச்சை பெற வழி செய்கிறது. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், இவ்வறுவைகள் நடைபெறும் இடங்களுள் ஒன்று.

அறுவை முடிந்து ஒரு குழந்தை, அந்நகரின் வடபகுதியான கழக்கூட்டத்திலுள்ள தன் வீட்டுக்குத் திரும்புவதாகக் கொள்ளலாம். நெஞ்சில் தழும்பு ஆறிவிட்டது. மூக்கில் மட்டும் மெல்லிய குழாய் இருக்கிறது. தாய் மார்பில் அணைத்தால், நான்கு வாய் உறிஞ்சியதும் நெற்றி வியர்த்துக் குழந்தை அயர்ந்துவிடுகிறது. பால் போதவில்லை என்று சுற்றத்தார் தாயைக் குறை கூறுகின்றனர். குறை தாயிடம் இல்லை.

தடைக்குக் காரணங்கள்

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் ஒத்திசைந்தால்தான் சிசு பால் அருந்த இயலும். நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கும் குழந்தைக்கு விழுங்குவதற்கான இடைவெளியே கிடைப்பதில்லை. பல நாள்கள் செயற்கைச் சுவாசக் குழாயுடன் கிடந்த குழந்தை, வாயால் அருந்தப் பழக வேண்டிய காலத்தையும் இழந்திருக்கும்.

மற்றொரு காரணம் நரம்பைப் பற்றியது. இடப்பக்கக் குரல்நாணை இயக்கும் நரம்பு, மகாதமனியின் வளைவைச் சுற்றி மேலேறுகிறது. அவ்வளைவைச் சீர்செய்கையில் நரம்பு பாதிக்கப்பட்டால் அழுகுரல் கம்மும். பால் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமல் எழாமல் போகலாம். பல குழந்தைகளுக்கு இது சில மாதங்களில் சீரடைகிறது. அதுவரை தொண்டையைச் சோதித்தறிந்தே வாய்வழி ஊட்ட வேண்டும்.

தேவையோ மிகுதி. இயல்பான சிசுவுக்கு எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 100 முதல் 110 கலோரி போதும். இக்குழந்தைகளுக்கு 120 முதல் 150 வரை வேண்டியிருக்கும். குறைவாக அருந்தும் குழந்தைக்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதே இச்சிக்கலின் முடிச்சு.

வீட்டில் செய்யத்தக்கவை

தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, இடையிடையே ஓய்வு தந்து ஊட்ட வேண்டும். ஒரு வேளை ஊட்டல் அரைமணியைத் தாண்டலாகாது. எஞ்சிய பாலை, மருத்துவமனையில் கற்பித்தவாறு, குழாய் உரிய இடத்தில் உள்ளதா என்று உறுதிசெய்துகொண்டு செலுத்தலாம். தாய் தவறாது பாலைப் பீய்ச்சி எடுத்தால் சுரப்பு வற்றாது. சர்க்கரை நீர், தேன் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். உதடு நீலம் பாய்ந்தாலும், ஊட்டும்போது மூச்சுத் திணறினாலும், எடை ஏறாவிட்டாலும் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இடையில் ஓர் இடைவெளி

2011-இல் வந்த இல்லஞ்சார் சிசுப் பராமரிப்பு முறைப்படி, ஆஷா பணியாளர் 42-ஆம் நாள் வரை வீடு தேடி வருகிறார். ஆறு வாரங்களை மருத்துவமனையிலேயே கழித்த குழந்தைக்கு அவ்வருகைகள் கிட்டுவதில்லை. 2018-இல் தொடங்கிய அடுத்த கட்ட வருகைகளோ மூன்றாம் மாதத்தில்தான் ஆரம்பமாகின்றன. இடர் மிகுந்த நாள்கள் இவ்விடைவெளியில் விழக்கூடும். நாள்களைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், வீடு திரும்பிய தேதியிலிருந்து எண்ணினால் இக்குறை தீரும்.

இதற்குப் புதிய கட்டடங்கள் வேண்டியதில்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் பயனாக அங்கன்வாடியில் எடைக்கருவி உள்ளது. கழக்கூட்டத்துக்கு அண்மையில், ஆக்குளத்தில், 1997-இல் நிறுவப்பட்ட தேசிய பேச்சு, செவித்திறன் நிலையம் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிக்கிறது. விழுங்குதல் குறைபாடுகளும் அவர்தம் துறையே. வாரந்தோறும் எடுக்கும் எடை அறுவை செய்த மருத்துவருக்கும் எட்டினால், இவையனைத்தும் ஒரே சங்கிலியாக இணையும்.

பெரும் பொருட்செலவில் சீராக்கப்பட்ட இதயம், ஊட்டமின்றி மெலிந்த உடலில் துடிக்கலாகாது. அறுவையின் வெற்றியை அறுவை அரங்கின் வாயிலில் மட்டுமன்றி, அங்கன்வாடித் தராசிலும் அளக்கும் நாளே இத்திட்டம் நிறைவெய்தும் நாளாகும்.