ஏலப் பக்கத்தில் ஒரு தங்க லைக்கா

(நம் கிளப் ஹவுஸில் ஞாயிறு மாலை நடந்த பேச்சின் எழுத்து வடிவம்)



பழைய கேமரா பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சார் கேட்டார். ஏதாவது என்றால் நான் ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசுவேன், என் வீட்டில் கேட்டால் தெரியும். அதனால் ஒரே விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இணைய ஏலத்தில் விற்கிற சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள்.

இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. போன மாதம் நம் பிளாக் நண்பர் ஒருவர் மொபைலில் ஒரு பக்கத்தைக் காட்டி, "மாப்பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கலாமா சார்?" என்றார். தங்க நிறம், பாம்புத் தோல் மாதிரி உறை, மேலே கழுகு முத்திரை, 'பெர்லின் 1936' என்று பொறிப்பு. தலைப்பில் கொட்டை எழுத்தில் 'லைக்கா'. நம் பணத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. அசல் என்றால் அந்த விலைக்கு அதன் கிட்டேயே போக முடியாது. அது லைக்காவே இல்லை.

முதலில், ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன? ஃபிலிம் போட்டு எடுக்கிற கேமரா. சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் நடுவில் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பினால் இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் கம்பெனி 1932இல் கொண்டுவந்த லைக்கா 2, இதைக் கையடக்கமான உடலுக்குள்ளேயே வைத்தது.

அதைப் பார்த்துச் செய்ததுதான் ஃபெட். செய்த இடம் இன்றைய உக்ரைனில் உள்ள கார்கீவ் நகரம். செய்தவர்கள் யார் தெரியுமா? உள்நாட்டுப் போரிலும் பஞ்சத்திலும் பெற்றோரை இழந்து தெருவில் திரிந்த பிள்ளைகள். ஆசிரியர் மகாரென்கோ நடத்திய உழைப்புக் கம்யூன் அது. முதலில் மின்சாரத் துளைக்கருவி செய்தார்கள். 1934இலிருந்து வரிசையாகக் கேமரா. சோவியத் ரகசியக் காவல்துறையின் முதல் தலைவர் ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் ஃபெட். போருக்குப் பின், 1948இல், மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலை இதே வடிவத்தில் ஸோர்கியைத் தொடங்கியது. மூன்றாவது குடும்பம் கீவ். அது லைக்கா வழி இல்லை. போர் இழப்பீடாக ஜெர்மனியிலிருந்து வந்த உதிரிகளையும் கருவிகளையும் கொண்டு, கான்டாக்ஸ் கேமராவை அப்படியே கீவ் நகரத்து அர்செனால் ஆலையில் செய்தார்கள்.

நண்பர் காட்டிய 'தங்க லைக்கா' ஒரு ஃபெட் அல்லது ஸோர்கி. மேல்தகட்டில் இருந்த பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, லைக்கா என்று பொறித்து, பித்தளைக்கு மெருகேற்றி, தோலை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். சிலதில் கழுகு, சிலதில் ஜெர்மன் விமானப்படை முத்திரை, சிலதில் ஒலிம்பிக் வளையங்கள். அந்தக் கம்யூன் பிள்ளைகளின் வேலைக்கு மேல் ஹிட்லர் படையின் முத்திரை. பணம் போவதைவிட எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? தங்க லைக்கா என்பது உண்மையிலேயே இருந்தது. 1929 வாக்கில் லைட்ஸ் கம்பெனி சொகுசு மாடல் ஒன்றைச் செய்தது, நூறுக்கும் குறைவாக. ஆனால் அது லைக்கா 1. வெளிவந்தபோது அதில் ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது. ஏலப் படத்தில் தங்கக் கேமராவின் நெற்றியில் மூன்று ஜன்னல் வரிசையாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்தது, 'லைக்கா 3' என்று போட்டிருந்தால் முன்பக்கத்தில் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டயல் இருக்க வேண்டும், மெதுவான ஷட்டர் வேகங்களுக்கானது. பழைய ஃபெட், ஸோர்கியில் அது இல்லை. சில கில்லாடிகள் பொய் டயல் ஒன்றை ஒட்டிவைப்பதும் உண்டு.

உறுதியான சோதனை லென்ஸைக் கழற்றினால்தான் தெரியும். லென்ஸ் வளையத்துக்குள் மேல்புறம், ஃபோகஸைத் தொடர்ந்து நகரும் ஒரு சின்னப் பாகம் இருக்கும். லைக்காவில் அதன் நுனி உருளுகிற சக்கரம். ஃபெட்டிலும் ஸோர்கியிலும் உருளாத நாக்கு மாதிரி ஒரு துண்டு. லென்ஸைக் கழற்றி அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில். சீரியல் நம்பரை இணையத்தில் இருக்கும் அட்டவணையோடு ஒப்பிடலாமே என்பார்கள். ஒப்பிடுங்கள், ஆண்டு ஒத்துப்போகாவிட்டால் போலி என்று தெரிந்துவிடும். ஒத்துப்போனால் மட்டும் நம்பிவிடாதீர்கள், பெயரைப் பொறித்தவர்தானே நம்பரையும் பொறித்தார்!

இதில் ஒரு தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். தலைப்பில் 'லைக்கா' இருக்கும், தேடுகிறவர் கண்ணில் பட. விவரத்தைக் கீழே, கடைசி வரி வரை போய்ப் படித்தால், 'ஸோர்கி அடிப்படையில் செய்த நகல்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். பணம் கட்டி, பொருள் வந்து, ஏமாந்தோம் என்று புகார் செய்தால், "நான்தான் எழுதியிருந்தேனே" என்பார். நம் ஃபிளாட் ஒப்பந்தத்தில் கார் பார்க்கிங் பற்றி எந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது என்று நினைவிருக்கிறதா? அதே கதைதான்.

பெயர் சுரண்டாத, உண்மையான சோவியத் கேமராவையும் பொய் வார்த்தையால் விற்பவர்கள் உண்டு. போருக்கு முந்தைய ஃபெட்டின் மேல்தகட்டில் என்.கே.வி.டி. என்ற எழுத்துகள் இருக்கும். உடனே 'உளவாளி கேமரா, ரகசியப் போலீஸ் பயன்படுத்தியது' என்று விளம்பரம். கம்யூன் அந்தத் துறையின் கீழ் இருந்தது, அதனால் பொறித்தார்கள். நம் அரசு அச்சகத்தில் அடித்த நோட்டுப் புத்தகத்தை அமைச்சர் எழுதியது என்று விற்பது போல. 'இரண்டாம் உலகப் போர் ஸோர்கி', 'போர்முனை கீவ்' என்பதும் அடிக்கடி வரும். ஸோர்கி 1948இல்தான் பிறந்தது, கீவ் 1947இல். காலண்டரைப் பார்த்தாலே போதும். கீவ் கேமராவில் சீரியல் நம்பரின் முதல் இரண்டு இலக்கமே தயாரித்த ஆண்டு: 56 என்று தொடங்கினால் 1956.

அப்புறம் 'மிக அரிது'. ஸோர்கி-4 மட்டும் 17 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

'சோதிக்கப்பட்டது' என்ற சொல்லில்தான் பலர் விழுகிறார்கள். பட்டனை அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வருவதும் சோதனைதான் அவர் கணக்கில். ஃபெட், ஸோர்கியில் ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணி. அறுபது வருஷத்தில் ஊசி முனை அளவு ஓட்டைகள் விழும். ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் புள்ளியாக வரும். ஃபெட்-2, ஸோர்கி-4 போன்றவற்றில் பின்மூடி முழுசாகக் கழன்று வரும். அதைக் கழற்றி, முன்னால் டார்ச் அடித்து ஒரு வீடியோ கேளுங்கள். அதே கேமராவில் எடுத்த படங்களையும் கேளுங்கள். கீவ்-4, ஃபெட்-4 வகையில் ஒளி அளக்கும் மீட்டர் பேட்டரி இல்லாத செலினியம் வகை. 'மீட்டர் முள் ஆடுகிறது' என்று எழுதுவார்கள். ஆடும், சரி, சரியாக அளக்கிறதா என்பது வேறு.

லென்ஸ் வாங்குபவர்களுக்கு ஒன்று. ஜூபிடர்-8 நல்ல லென்ஸ், எனக்கும் பிடித்தது. ஆனால் அது இரண்டு விதமாக வந்தது. ஸோர்கி, ஃபெட்டுக்கு மரை போட்டுத் திருகுகிற வகை. கீவுக்கு வேறு பிடி, அதில் ஃபோகஸ் வளையமே லென்ஸில் இருக்காது. விளம்பரத்தில் முன்பக்கப் படம் மட்டும் போட்டிருப்பார்கள். பின்பக்கப் படம் இல்லாமல் பணம் கட்ட வேண்டாம். 'எந்த லைக்கா லென்ஸும் பொருந்தும்' என்று போருக்கு முந்தைய ஃபெட்டை விற்றால் அதையும் தள்ளுபடி செய்யுங்கள். மரை ஏறும். ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு கேமராவையும் அதனதன் லென்ஸுக்கு ஏற்பச் சரிசெய்தார்கள், வேறு லென்ஸ் போட்டால் ஃபோகஸ் தப்பும்.

விற்பவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. உக்ரைனிலிருந்து விற்கும் பழைய மெக்கானிக்குகள் சிலர், திரை மாற்றியது, எண்ணெய் போட்டது, இன்னும் சரியாகாதது என்று பட்டியல் போட்டே அனுப்புகிறார்கள். குறையை எழுதுகிறவரிடம் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம். பணத்தை மட்டும் ஏலத் தளத்துக்கு உள்ளேயே கட்டுங்கள். "நேராக அனுப்பினால் குறைத்துத் தருகிறேன்" என்றால் விலகிவிடுங்கள். சுங்க வரி தனி, தபால்காரர் வாசலில் கேட்பார்.

அப்போது எதைத்தான் வாங்குவது என்று முன்வரிசையில் மேடம் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் ஃபெட்-2. அந்த நண்பரும் இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார், ஃபெட் என்ற பெயரோடேயே.

மேஜையில் ஒரு பழைய ஃபெட்டும் ஒரு ஸோர்கி-4உம் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவராக வந்து பாருங்கள். ஃபெட்டின் லென்ஸைக் கழற்றியிருக்கிறேன், டார்ச் அடித்தால் நான் சொன்ன நாக்கு தெரியும். ஸோர்கியில் மட்டும் ஒரு வேண்டுகோள்: முதலில் ஃபிலிம் குமிழை முழுதாகச் சுற்றுங்கள், அதற்கப்புறம்தான் வேக டயலைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே பழுதாகிவிடும். குழந்தைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.