எச்சில் வாசலோடு முடிவதில்லை

(நமது சங்கத்தின் பெங்களூர் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

"சுற்றுச்சூழல் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கோ" என்று செயலாளர் சொன்னார். நான் விஞ்ஞானி இல்லை. வங்கியில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். பனிப்பாறை உருகுவதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. அதனால் குப்பையைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும் ஊரார் குப்பை இல்லை, என் சொந்தக் குப்பை.

இந்த மாதிரிக் கூட்டங்களில் வழக்கமாக ஒரு பெருமை பேசுவோம். வாழை இலை, அரிசிமாக் கோலம், சீயக்காய், பித்தளைச் சொம்பு என்று அடுக்கி, நம் முன்னோர்கள் அந்தக் காலத்திலேயே இயற்கையோடு வாழ்ந்தார்கள் என்று முடிப்போம். நானும் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது அதைப் பேச எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

2011-ல் என் பெண்ணுக்கு இந்த ஊரில்தான் கல்யாணம் நடந்தது. மூன்று வேளைப் பந்தி, வேளைக்கு ஐந்நூறு இலை. இலைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். காபிக்குக் காகிதக் கப். எல்லாம் ஜோராக நடந்தது. கடைசிப் பந்தி முடிந்த பிறகு என் மனைவியின் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணோம். அவள் அம்மா கொடுத்தது. மண்டபம் முழுக்கத் தேடினோம். "இலையோட போயிருக்கும் சார்" என்றார் பரிமாறினவர்களில் ஒருவர்.

மண்டபத்தின் பின்பக்கச் சந்துக்குப் போனேன். கறுப்பு பிளாஸ்டிக் மூட்டைகள் என் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒரு மூட்டையைப் பிரித்தால் இலை, சாதம், ரசம், பாயசம், பாட்டில், கப், மாலை, தெர்மோகோல், ஜிகினாத் தாள் எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடக்கிறது. நான் பட்டுவேஷ்டியோடு நிற்கிறேன். உள்ளே கைவிட மனசு வரவில்லை. எச்சில் அல்லவா?

குப்பை அள்ள வந்த பெண்மணி ஒருவர், தமிழ் பேசுபவர், என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் மறு வார்த்தை பேசவில்லை. வெறும் கையை மூட்டைக்குள் விட்டார். ஒவ்வொரு மூட்டையாக முக்கால் மணி நேரம் துழாவினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிமிழ் கிடைத்தது. கூடவே, யாரோ போட்டிருந்த உடைந்த கண்ணாடிக் குவளை அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.

நான் பதறினேன். அவர் புடவைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டு சொன்னார்: "இது தினம் இருக்கறதுதான் சாமி. எலையைத் தனியாப் போட்டிருந்தா அஞ்சு நிமிசத்துல எடுத்துக் குடுத்திருப்பேன்."

கையில் இருந்த பணத்தைக் கொடுத்து, டாக்டரிடம் போகச் சொன்னேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் அகங்களில் எச்சிலுக்கும் பத்துக்கும் எத்தனை கட்டுப்பாடு! சாதம் தொட்ட கையை அலம்பாமல் மோர்ப் பாத்திரத்தைத் தொட மாட்டோம். பால் வேறு, சாதம் வேறு, ஊறுகாய்க்குத் தனிக் கரண்டி. குழந்தைக்கு மூன்று வயசிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். இவ்வளவு பார்க்கிறவர்கள், அத்தனை எச்சிலையும் ஒரே மூட்டையில் கட்டி வாசலில் வைத்து, இன்னொருவர் வெறும் கையால் அதைப் பிரிக்கும்படி செய்கிறோம். அக்ரஹாரத்தில் பிளாஸ்டிக் இல்லையே தவிர, அப்போதும் எச்சில் இலையை எடுத்துப் போனது வேறு யாரோதான். எச்சில் நம் வாசலோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டோம். அது முடிவதே இல்லை. அது எங்கே போகிறது என்று அடுத்த வருஷம் தெரிந்தது.

2012-ல் இந்த ஊர்த் தெருக்களில் குப்பை மலைபோலக் குவிந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பெங்களூர்க் குப்பையைக் கொட்டிவந்த இடங்களில் ஒன்று மாவள்ளிபுரா கிராமம். கிணற்றுத் தண்ணீர் கெட்டது, வியாதி வந்தது என்று அந்த ஜனங்கள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். அந்த வருஷம் அந்தக் கிடங்கு மூடப்பட்டது. உடனே நகரம் நாறியது. பிறகு மண்டூர் என்ற கிராமத்தின் மேல் சுமை ஏறியது. 2014-ல் அவர்களும் மறித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் அங்கேயும் நின்றது. என் பெண் கல்யாணத்து இலையும் பாட்டிலும் இந்த மாதிரி ஏதோ ஒரு கிராமத்தின் தலையில்தான் விழுந்திருக்கும்.

இந்தப் பேச்சைப் பத்திரிகையில் படிக்கப் போகும் வெளியூர் அங்கத்தினர்கள், "பெங்களூர்க் கதை" என்று நினைக்க வேண்டாம். மும்பையில் தேவ்னார் கிடங்கு 2016 ஜனவரியில் பற்றி எரிந்து, புகை நகரத்தை மூடியது. தில்லியில் காஜிபூர் குப்பை மலை 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். கொச்சியில் பிரம்மபுரம் 2023 மார்ச்சில் பத்து நாளுக்கு மேல் புகைந்தது. சென்னைக்காரர்களுக்குப் பெருங்குடியும் கொடுங்கையூரும் தெரியும்.

"இலையும் சாதமும் மக்கிப் போகிற வஸ்துதானே?" என்று கேட்கலாம். மண்ணில் போட்டால் மக்கும். பிளாஸ்டிக் மூட்டைக்குள், காற்றுப் படாமல், மலையின் அடியில் கிடந்தால் அழுகும். அழுகும்போது மீத்தேன் வாயு வரும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். குப்பை மலைகள் தீப்பிடிப்பதற்கும் அந்த வாயு ஒரு காரணம். அழுகல் கசிந்து வரும் கறுப்பு ஜலம் கிணறுகளில் இறங்கும். சுத்தமானது என்று நாம் பெருமைப்படும் அதே வாழை இலைதான், பிளாஸ்டிக் பாட்டிலோடு ஒரே மூட்டையில் போவதால் விஷமாகிறது. கலப்பதுதான் தோஷம்.

சரி, என்ன செய்தோம்?

முதலில் பிரித்தோம். கர்நாடக உயர்நீதிமன்றம் 2015 டிசம்பரில் பெங்களூருக்கு "இரண்டு தொட்டி, ஒரு பை" முறையை ஏற்றது. சமையலறைக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி. டயபர், நாப்கின், கட்டுத்துணி மாதிரியானவற்றுக்குச் சிவப்புத் தொட்டி. பால் கவர், அட்டை, பாட்டில் எல்லாம் பையில். பால் கவரை ஒரு தடவை அலம்பிக் காயவைத்துப் போட்டால் நாற்றம் கிடையாது, விலைக்கும் போகும். பேரக்குழந்தையின் டயபரையும், வயசான அம்மா அப்பாவின் டயபரையும் பழைய பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுங்கள். எடுப்பவர் அதைத் திறக்க மாட்டார். புணேயிலும் இங்கேயும் இந்த வழக்கம் உண்டு. அரை நிமிஷ வேலை, ஒருவருடைய கௌரவத்தைக் காப்பாற்றுகிறது.

அடுத்தது உரம். மூன்றடுக்கு மண்பானை வாங்கினேன். முதல் மாசமே தோல்வி. ஈரக் கழிவை மட்டும் போட்டு மூடியதால் புழு, நாற்றம். "இந்தப் பானை இருக்கட்டும், இல்லே நான் இருக்கேன்" என்றாள் என் மனைவி. பக்கத்து வீட்டுக்காரரும் புகார் சொன்னார். பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒரு கை காய்கறித் தோலுக்கு ஒரு கை காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ போட வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை கிளற வேண்டும். காற்றுப் பட்டால் நாற்றம் வராது. கொஞ்சம் புளித்த மோர் விட்டால் சீக்கிரம் ஆரம்பிக்கும். எண்ணெய்ப் பண்டம், நிறைய மிஞ்சிய குழம்பு வேண்டாம். ஈரமும் சருகும் சரியாக இருந்தால் இரண்டு மாசத்தில் மண்வாசனையோடு கறுப்பு உரம் கிடைக்கும். நிர்மால்யப் பூவும் அதிலேயே போகிறது. பிளாஸ்டிக் பையில் கட்டி ஏரியில் போடுவதைவிட, பூஜை செய்த பூ துளசிச் செடிக்கு உரமாவது ஸ்வாமிக்கும் திருப்தியாக இருக்கும் என்றே நினைக்கிறேன். இப்போது பானையைக் கிளறுவது என் மனைவிதான். என்னைத் தொட விடுவதில்லை.

மூன்றாவது, விசேஷங்கள். 2018-ல் என் பிள்ளைக்குக் கல்யாணம். "பாட்டில் வேண்டாம், ஸ்டீல் டம்ளர்" என்றேன். சம்பந்தி தயங்கினார். "வரவாளுக்கு மரியாதைக் குறைவா படுமே" என்றார். வங்கிக்காரன் ஆயிற்றே, கணக்குப் போட்டுக் காட்டினேன். 200 மில்லி பாட்டில் 1500 என்றால் மொத்தத் தண்ணீர் 300 லிட்டர். அது இருபது லிட்டர் கேன் பதினைந்துக்கு மேல் இல்லை. பதினைந்து கேன் தண்ணீருக்காக ஆயிரத்து ஐந்நூறு பாட்டில், அதில் பாதி இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்தது. சம்பந்தி மறுபேச்சு பேசவில்லை. டம்ளரை வாடகைக்கு எடுத்தோம். அலம்ப இரண்டு ஆட்களுக்குக் கூலி கொடுத்தோம். பந்தி முடியும் இடத்தில் இரண்டு டிரம் வைத்து, என் மருமான்கள் இருவரை நிற்க வைத்தோம், இலை ஒன்றில், மற்றது இன்னொன்றில். மேடைக்குத் தெர்மோகோல் இல்லை, தென்னங்குருத்தும் பூவும்தான். தாம்பூலம் துணிப்பையில். குறை ஒன்றும் இல்லையா என்றால், இருந்தது. ஒரு பந்தியில் டம்ளர் வர நேரமாகி நாலு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் அன்று மண்டபத்தின் பின்னால் யாரும் எச்சிலுக்குள் கைவிட வேண்டியிருக்கவில்லை. நானே போய்ப் பார்த்தேன்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டி விசேஷம் செய்தால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ல் வந்த மத்திய அரசு விதிகளிலேயே இருந்தது. பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூன், ஸ்வீட் பெட்டி மேலும் பத்திரிகை மேலும் சுற்றும் பிளாஸ்டிக் தாள், அலங்காரத் தெர்மோகோல் ஆகியவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. நம் சத்திரங்களில் இன்னும் பார்க்கிறோமா இல்லையா என்பதை உங்கள் மனசாட்சிக்கு விடுகிறேன்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. காவேரி நம் குழாய்க்கு வர சுமார் 100 கிலோமீட்டர் கடந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் பம்ப் செய்யப்படுகிறது. 2024 கோடையில் குடிநீரில் கார் அலம்பினால் 5000 ரூபாய் அபராதம் என்று இங்கே உத்தரவு போட்டார்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடையுங்கள், பாத்ரூம் அலம்புங்கள். செலவு ஒரு வாளி, அவ்வளவே.

முடித்துக்கொள்கிறேன். சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இந்தக் கிளை முந்நூறு ஸ்டீல் டம்ளரும் முந்நூறு கிண்ணமும் வாங்கி வைக்கட்டும். அங்கத்தினர் வீட்டு ஆயுஷ்ய ஹோமம், சீமந்தம், ஸுமங்கலிப் பிரார்த்தனைக்கு இரவல் கொடுக்கட்டும். முதல் ஐம்பதுக்கான பணத்தை நான் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். மற்ற ஊர்க் கிளைகளும் இதை யோசிக்கலாம்.

பேச்சாளருக்கு மரியாதையாக இதோ என் முன்னால் ஒரு பாட்டில் வைத்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் அதைத் திறக்கவில்லை. வீட்டிலிருந்து சொம்பில் கொண்டுவந்திருக்கிறேன்.

அந்தக் குங்குமச் சிமிழ் இன்றும் எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி அதை எடுக்கும்போது எனக்கு அந்தக் கை ஞாபகம் வரும். இன்று பந்தி முடிந்ததும் இலையை ஒரு டிரம்மிலும், மற்றதை இன்னொன்றிலும் போட்டுவிட்டுப் போங்கள். இரண்டு டிரம்மும் வாசல் பக்கத்தில் தயாராக இருக்கின்றன.