கரியின் பற்றும் மண்ணின் பற்றும்

(நெய்வேலியில் ஊராட்சி உறுப்பினர்க்கும் உழவர்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் நெய்வேலி, கரியால் பெயர் பெற்ற ஊர். 1956-ஆம் ஆண்டில் இங்குப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1961-இல் சுரங்கம் கரியைத் தொட்டது. குவித்து வைத்த பழுப்பு நிலக்கரி, எவரும் தீ வைக்காமலே சில வேளைகளில் புகைந்து எரிவதை இங்குள்ளோர் அறிவர். அதற்குத் தொடக்கமாக அமையும் இயல்பு ஒன்று, நம் குடிநீர்ப் பானையிலும் வயலில் இடும் உரத்திலும் பணிபுரிகிறது. அதனை அறிந்து நடந்தால் உரம் வீணாகாது; கிணற்று நீரும் கெடாது.

திடப்பொருளின் உள்ளே இருக்கும் துகளை, அண்டையிலுள்ள துகள்கள் எல்லாப் பக்கமும் ஈர்த்து நிற்கின்றன. மேற்பரப்பில் உள்ள துகளுக்கோ வெளிப்பக்கத்தில் துணையில்லை. ஆதலின் அது, தன்னை வந்து தொடும் வாயுவையும் நீர்மத்தையும் பிடித்து நிறுத்துகிறது. இதனைப் பரப்புக் கவர்தல் என்பர். ரொட்டி பாலை உறிஞ்சும்போது பால் உள்ளெங்கும் ஊறுகிறது. இங்கோ பற்றுதல் மேற்பரப்போடு நிற்கிறது.

பற்றும்போது வெப்பம் பிறக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் நிலக்கரியின் பரப்பிலே பற்றிப் பின்னர் அதனோடு வினைபுரிகிறது. அவ்வெப்பம் வெளியேற வழியின்றிக் குவியலுக்குள் பெருகினால் தீ மூள்கிறது. குவியலை இறுக்கிக் காற்றுப் புகாமற் செய்வது இதனாலேயே.

இவ்வியல்பில் நாம் நினைவிற்கொள்ளத்தக்கவை மூன்று. பரப்பு மிகுந்தால் பற்றுதல் மிகும். பரப்பு நிரம்பினால் பற்றுதல் நிற்கும். எந்தப் பரப்பும் எல்லாவற்றையும் பற்றாது.

முதலில் குடிநீரைக் காண்போம். வடிகட்டிகளில் இடப்படும் செயலூட்டிய கரி ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பு 500 முதல் 1,000 சதுர மீட்டர் வரை இருக்கும். அஃதாவது, ஒரு சிட்டிகைக் கரிக்குள் 12 முதல் 25 சென்ட் நிலம் அடங்கியுள்ளது! முதல் உலகப் போரில், 1915-இல் நச்சுவாயு ஏவப்பட்ட பின்னர், கரி நிரப்பிய முகமூடிகள் படைவீரரைக் காத்தமை இப்பரப்பின் வலிமையாலேயே.

அக்கரி நீரின் நிறத்தையும் நாற்றத்தையும் பற்றும். ஆனால் நோய்க்கிருமியைக் கொல்லாது. நாம் மேல்நிலைத் தொட்டியில் இட்ட குளோரினையும் அது நீக்கிவிடும். ஆதலின் கரி வழியே வடிந்த நீரை மூடிவைத்து விரைவில் பயன்படுத்துதல் வேண்டும். ஐயம் தோன்றின் காய்ச்சிப் பருகுதல் நலம். நிரம்பிய கரி பயனற்றது மட்டுமன்று, கிருமிக்கும் உறைவிடமாகும். பள்ளியிலோ ஊராட்சிக் கட்டடத்திலோ வடிகட்டி வைத்தால், கரி மாற்றும் நாளையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும்.

இனி வயலுக்கு வருவோம். 1850-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாம்சன், வே என்னும் இருவர் ஓர் உண்மையை வெளியிட்டனர். அம்மோனியா உப்புக் கரைந்த நீரை மண்ணின் வழியே வடித்தபோது, அம்மோனியா மண்ணிலே தங்கிவிட்டது. அதற்கு ஈடாகச் சுண்ணாம்புச் சத்து வெளிவந்தது. களிமண்ணும் மட்கும் எதிர்மின் தன்மையுடையவை. ஆதலின் நேர்மின் தன்மையுடைய அம்மோனியம், பொட்டாசியம் ஆகியவற்றை அவை பிடித்துவைத்து, வேர் கேட்கும்போது கொடுக்கின்றன.

நாம் இடும் யூரியா சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. பின்னர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் எதிர்மின் தன்மையுடையதாதலின் நம் மண் அதனைப் பற்றுவதில்லை. பயிர் உண்டது போக எஞ்சியது மழையோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது. மிகுந்தால், புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தையின் குருதி ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். காய்ச்சினாலும் நைட்ரேட் நீங்காது. சாதாரண வடிகட்டிக் கரியும் அதனைத் தடுக்காது. வயலில் வீணாகும் பணமே தொட்டிலில் நஞ்சாகிறது.

முந்திரியும் பலாவும் விளையும் நம் செம்மண் நிலங்கள் பல மணற்பாங்கானவை. ஒரு கிராம் மணலின் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு. களிமண்ணிலோ சில வகைகளுக்கு நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் உண்டு. ஆகவே மணற்பாங்கான நிலத்தில் உரத்தை ஒரே முறையில் கொட்டுவது, ஓட்டைப் பானையில் நீர் சேமிப்பது போலாகும்.

உழவர் செய்யத்தக்கவை இவை: தழைச்சத்து உரத்தைப் பயிரின் பருவமறிந்து பிரித்து இடுக. பெருமழைக்கு முன் இடற்க. உரிய அனுமதி பெற்று ஏரி வண்டலை நிலத்திற் சேர்க்க. தொழுவுரமும் தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் உரமும் இட்டு மட்கினை வளர்க்க. பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுக்கப்படும் ஹியூமிக் அமிலமும் மட்கின் இனத்ததே. எனினும் அது தொழுவுரத்திற்கு மாற்றன்று, துணையே.

ஊராட்சியின் கடமையும் உண்டு. குடிநீர்க் கிணறுகளின் நீரைச் சோதனைக்கு அனுப்பி, நைட்ரேட்டின் அளவைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல் வேண்டும். எருக்குழியும் கழிவுநீர்க் குழியும் கிணற்றிற்கு அண்மையில் அமையாமற் காத்தல் வேண்டும்.

நிலத்தின் பற்றும் ஆற்றலை ஓராண்டில் பெருக்கிவிட இயலாது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகவே வளர்க்க இயலும். வரும் கோடையில் ஒவ்வொருவரும் ஒரு வயலிலேனும் வண்டலும் எருவும் சேர்த்து இப்பணியைத் தொடங்குமாறு வேண்டி அமைகிறோம்.