கையெழுத்து வேறு, வாசிப்பு வேறு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



ஜூன் மாசம் வந்தால் உள்கடன் கேட்கிறவர்கள் கூடிவிடுகிறார்கள். நிறையப் பேருக்கு அது பிள்ளையின் ஸ்கூல் பீஸுக்குத்தான். "பக்கத்துலயே அரசுப் பள்ளி இருக்கேம்மா" என்றால், "அங்க ஒண்ணாவது ரெண்டாவதுல பாட்டும் விளையாட்டும்தான் டீச்சர், நோட்டுல ஒண்ணுமே எழுதறதில்ல" என்கிறார்கள். கடன் வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வாங்குவதற்கு முன்னால் அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

2022 ஜூனில் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதலில் 1 முதல் 3 வகுப்பு வரை, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து, பிள்ளைகள் படித்ததை மறந்திருந்த நேரம் அது. எட்டு வயதுக்குள் புரிந்து படிக்கணும், கணக்குப் போடணும் என்பதுதான் நோக்கம். பிள்ளை நிற்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் இருக்கிறான் என்றால் அம்மாவுக்கு முகம் வாடிவிடுகிறது.

அந்தப் பையனின் நோட்டை எடுத்துப் பாருங்கள். முத்து முத்தாக எழுதியிருப்பான். ஒரு வரியைக் காட்டி "படிடா" என்றால் வாய் திறக்க மாட்டான். கரும்பலகையைப் பார்த்து வரைந்திருக்கிறான், அவ்வளவுதான். நம் குழுக்களிலேயே பார்த்திருக்கிறோமே. சேர்ந்த புதிதில் சிலர் பெயரைப் படமாகப் பழகிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். பாஸ்புக்கில் என்ன இருக்கிறது என்று படிக்கப் பக்கத்து ஆளைத்தான் கேட்கணும். அந்த நிலைமை இந்தப் பையனுக்கு வரக் கூடாது. வாசிக்க வராமல் மேல் வகுப்புக்குப் போகிற பிள்ளை கடைசி வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும்.

அதனால்தான் ட, ப, ம, ம் என்ற எழுத்தட்டைகளைக் கையில் கொடுத்து, படம், மடம் என்று அவனையே சேர்க்க விடுகிறோம். பார்க்கிறவர்களுக்கு விளையாட்டுதான்.

கணக்கிலும் அப்படித்தான். 42-இல் 17 போனால் எவ்வளவு? "கடன் வாங்கிக் கழித்தல்" என்று நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். திருப்பிக் கட்டாத கடன் உலகத்தில் இது ஒன்றுதான்! வகுப்பில் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருப்போம். நாலு கட்டு, ரெண்டு உதிரி. ஏழு குச்சி கொடு என்றால் பிள்ளை முழிக்கும். பிறகு அதுவாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். மூணு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு உதிரியும் ஒரு கட்டும் கொடுத்தால் மிச்சம் 25. நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றுகிற அதே வேலை. கட்டை அவிழ்த்துப் பழகிய பிள்ளைக்கு அப்புறம் நோட்டில் போடுவது சுலபம்.

திசை சொல்லிக் கொடுக்க ஸ்ரீரங்கத்தைவிட நல்ல ஊர் ஏது? தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், ராஜகோபுரம் தெற்குப் பக்கம். வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிற வழியைப் பிள்ளையே தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டும்.

ஒரே டீச்சர் ரெண்டு மூணு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிற பள்ளிகளில் இதெல்லாம் சிரமம்தான். அதை நான் மறைக்கவில்லை. அங்கே உங்கள் குரல் வேணும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்கணும். காலை உணவுத் திட்டத்தில் குழுப் பெண்கள் பள்ளியிலேயே சமைக்கிறீர்கள். அடுப்படியோடு நின்றுவிடாமல் வகுப்பறையையும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள்.

சாயங்காலம் பிள்ளை வந்ததும் "நோட்டுல என்ன எழுதின" என்று கேட்காமல், கடைப் பலகையையோ பஸ் போர்டையோ காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பூக்கட்டும்போது முழத்தை எண்ணச் சொல்லுங்கள். தடுமாறினால் திட்டாமல் டீச்சரிடம் வந்து சொல்லுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் நம் கூட்டத்தைப் போலவே தீர்மான நோட்டைக் கேட்டு வாங்கி, படித்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.