யாருக்கு எந்தப் புத்தகம், யார் சொல்வது?

(திருவண்ணாமலையில் வாசிப்பு வட்டத் தோழர்களின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'வாசிப்பும் விடுதலையும்' என்று பெரிய தலைப்பில் பேசச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய தலைப்பைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் எழுத்தர். இந்த வருஷம் நம்ம வட்டத்தின் பதிவேட்டை எழுதினதும் நான்தான். அந்தப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்காக ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பன்னிரண்டு பேர். மாசா மாசம் பன்னிரண்டு பேர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுவோம். உங்க கையில் யார் பேர் வருதோ, அந்த மாசம் அவருக்கு நீங்கதான் புத்தகம் தேர்ந்து கொடுக்கணும். கொடுத்ததை வேணாம்னு சொல்லக் கூடாது. கடைசி ஞாயித்துக்கிழமை அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசணும். ஒருத்தருக்கொருத்தர் சவால் விட்டுத்தான் ஆரம்பித்தோம். தனக்குத் தானே தேர்ந்துகொண்டால் மனுசன் செக்குமாடு மாதிரி பிடித்ததையே சுற்றி வருவான், இன்னொருத்தர் கொடுத்தால் புதுப் பாதை திறக்கும் என்பது எண்ணம். நல்ல எண்ணம். பல பேருக்குத் திறக்கவும் செய்தது.

ஆனால் பதிவேட்டை வரிசையாகப் புரட்டினால் வேறொன்றும் தெரிகிறது. காலனியிலிருந்து வருகிற தோழர்கள் பெயருக்கு நேரே: கருக்கு, வடு, சிலுவைராஜ் சரித்திரம், பழையன கழிதலும், அம்பேத்கர் வரலாறு. ஊர்த்தெருவிலிருந்து வருகிற தோழர்கள் பெயருக்கு நேரே: டால்ஸ்டாய், தாஸ்தயேவ்ஸ்கி, ஜானகிராமன், மார்க்வெஸ். யாரும் கூடிப் பேசித் திட்டம் போட்டுச் செய்ததில்லை இது. சீட்டு குலுக்கலில்தான் வந்தது. ஆனால் சீட்டில் பெயரைப் பார்த்ததும் கை எந்த அலமாரிக்குப் போகிறது என்பதைக் குலுக்கல் தீர்மானிப்பதில்லை. அதைப் பொதுப்புத்தி தீர்மானிக்கிறது. இந்தப் பொதுப்புத்தி சாதி இந்துத் தோழர்களுக்கு மட்டும் சொந்தமானதில்லை. நம்ம ஆட்களும் நம்ம ஆட்களுக்கு இதே அலமாரியைத்தான் திறந்திருக்கிறோம்.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது நம்ம வட்டத்தின் சின்னவள், இயற்பியல் படிக்கிற தங்கை. நாலாவது மாசமும் அவள் கையில் ஒரு தலித் தன்வரலாறு வந்தபோது கேட்டாள்: "இன்னாண்ணா, எங்க ஆயா கதையையே எனக்கு எத்தினி தபா சொல்லுவீங்க? நட்சத்திரம் எப்டி எரியுதுன்னு ஒரு புஸ்தகம் குடுங்களேன்."

அன்றைக்கு சில தோழர்களுக்குக் கோபம் வந்தது. நம்ம கதை நமக்கு வேணாமா? எத்தனை பேர் அடிபட்டு எழுதின எழுத்து அது? என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க முடியாது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதற்கு முன்னால் நம்ம தெரு தமிழ் இலக்கியத்தில் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். யாரோ ஒரு நல்லவர் இரக்கப்பட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற இடமாகத்தான் பெரும்பாலும் இருந்தது. நம்ம பேச்சே அச்சில் ஏறி வந்தபோது, 'இதைக்கூட எழுதலாமா' என்று ஒரு தலைமுறைக்கே மூச்சு வந்தது. அந்த மூச்சில்தான் நானும் கவிதை எழுத வந்தேன். ஆகவே அந்தப் புத்தகங்கள் நமக்கு வேண்டும். எத்தனை பேருக்கு முதல் புத்தகமாகவே வேண்டும்.

நம்ம தங்கை அந்தப் புத்தகங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கேட்டது வேறு. என்னைப் பார்த்ததும் உங்களுக்கு என் காயம் மட்டும்தான் ஞாபகம் வருமா என்பது அவள் கேள்வி.

எனக்கு வங்கியில் பார்த்த ஒன்று ஞாபகம் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளைக்குக் காலனியிலிருந்து ஒரு தம்பி வந்தான். பட்டப்படிப்பு முடித்தவன். அதிகாரி தலையைத் தூக்காமலே கேட்டார், "கறவை மாடா?" அவன், "இல்ல சார், ஜெராக்ஸ் மிஷின் போடலாம்னு" என்றான். "அதெல்லாம் உனக்கு ஒத்து வராதுப்பா. மாடு வாங்கிக்கோ, மானியம் இருக்குது" என்றார் அவர். அதிகாரி கெட்டவர் இல்லை. அவன் நன்மைக்குத்தான் சொல்கிறோம் என்று மனசார நம்பினார். படிவமும் அப்படியே நிரப்பப்பட்டது. மாட்டை நான் குறை சொல்லவில்லை, பால் கறக்கும், குடும்பம் பிழைக்கும். ஆனால் அவன் கேட்டது மாடில்லை. சேரியிலிருந்து யார் வந்தாலும் மாடுதான் என்று அந்த மேசையில் எப்பவோ தீர்மானமாகி இருந்தது. புத்தக மேசையிலும் அதுதான் நடக்கிறது என்கிறேன்.

நூலக அறிவியலைக் கட்டி எழுப்பிய எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர், 1931இல் ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கணும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்கணும் என்கிற கருத்து அதில் உண்டு. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. மறுக்க முடியாத பணி. ஆனால் 'அவருக்கான புத்தகம்' எது என்று தீர்மானிப்பது யார்? சாதியச் சமூகத்தில் இந்த ஒரு கேள்விக்குள்ளேதான் மொத்த அதிகாரமும் சுருண்டு படுத்திருக்கிறது. யார் எதைப் படிக்கலாம், எதைக் காதால் கேட்கவும் கூடாது என்று தீர்மானிக்கிற உரிமையைக் கையில் வைத்துக்கொண்டுதானே இத்தனை நூற்றாண்டு நம்மைக் கீழே வைத்தார்கள்?

இதே கேள்வி அம்பேத்கரின் சின்ன வயசு வாழ்க்கையிலும் இருக்கிறது. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்காக 1956இல் எழுதிய முன்னுரையில் அவரே சொல்கிறார். அவருடைய அப்பா வீட்டில் பிள்ளைகளை ராமாயணமும் மகாபாரதமும் படிக்கச் சொல்வார். நம்மை இழிவாக நடத்துகிற கதைகளை ஏன் படிக்கணும் என்று பையன் கேட்கிறான். நாம் தீண்டப்படாதவர்கள், அதனால் உனக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடக் கூடாது, துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து எவ்வளவு உயரம் போனார்கள் பார், என்று அப்பா பதில் சொல்கிறார். அன்போடு செய்த தேர்வுதான். பையனுக்கு ஒப்பவில்லை.

அப்புறம் அவன் பரீட்சையில் தேறியதற்காகச் சாதிசனம் ஒரு பாராட்டுக் கூட்டம் போடுகிறது. பையனுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று அப்பா தயங்குகிறார். தாதா கெலுஸ்கர் என்கிற மராத்தி எழுத்தாளர் அவரைச் சம்மதிக்க வைத்துக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். கூட்டம் முடிந்ததும் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பையன் கையில் கொடுக்கிறார். 'உன் சாதி படும் பாட்டைப் படி' என்று ஒரு புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அந்தப் பாடு பையனுக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும். உலகத்தையே கேள்வி கேட்ட ஒரு மனிதனின் வரலாற்றைக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தின் துணையோடுதான் புத்தரிடம் திரும்பினேன் என்று அம்பேத்கர் எழுதுகிறார். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு அவர் பௌத்தம் தழுவியதற்குப் பின்னால் அந்தக் கூட்டத்தில் கை மாறிய புத்தகமும் இருக்கிறது.

நம்மவர்கள் வாங்கிக்கொள்கிற இடத்தில் மட்டும் இருந்தவர்களா? அதுவும் இல்லை. 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். அவருடைய பாட்டன் கந்தப்பன், ஆரிங்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். தன் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்த்தவர் அவர்தான் என்கிறார் பண்டிதர். சமையற்கட்டிலிருந்து மேசைக்குப் போனது சாப்பாடு மட்டுமில்லை தோழர்களே. ஆள்கிறவன் எதைப் படிக்கணும் என்று ஒரு பட்லர் தேர்ந்து கொடுத்திருக்கிறார். பண்டிதரின் எழுத்துகளோ, ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவரும் வரை நம்மில் பெரும்பாலோர் கைக்கு எட்டவே இல்லை. நாம் கொடுத்ததும் மறைந்தது, கொடுத்தவர் பேரும் மறைந்தது.

இப்போது பதிவேட்டின் மறுபக்கத்துக்கு வருகிறேன். என் பேச்சின் மையமே இதுதான்.

'சாதியை ஒழிக்கும் வழி' யாருக்காக எழுதப்பட்டது? 1936இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்பு அமைப்பு அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்களின் அமைப்பு அது. உரையை முன்கூட்டியே பார்த்துப் பயந்து, சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் அவர். மாநாட்டையே ரத்து செய்தார்கள். தன் கைக்காசில் 1,500 பிரதிகள் அச்சடித்தார். இரண்டே மாதத்தில் தீர்ந்தது. தமிழிலும் பெரியாரின் குடி அரசு வழியாக வந்தது. ஆக, அந்த உரை சாதி இந்துக்களின் முகத்துக்கு நேரே பேச எழுதப்பட்டது. கேட்க வேண்டியவர்கள் கூட்டத்தைக் கலைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

நம்ம வட்டத்தில் அந்தப் புத்தகம் பல முறை தேர்வாகி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் காலனித் தோழர் பெயருக்கு நேரேதான். ஊர்த்தெருத் தோழர் ஒருவருக்கும் யாரும் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவர் முற்போக்கானவர், அவருக்கு அது தேவைப்படாதே" என்று பதில் வந்தது. லாகூர்க்காரர்களும் முற்போக்கானவர்கள்தான் தோழர்களே.

நம்ம மாவட்டத்துக்கே வாங்க. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், அறநிலையத் துறையின் பொறுப்பில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முதலாக நுழைந்தது 2023 ஜனவரி 30ஆம் தேதி. ஆட்சியர் வந்தார், போலீஸ் குவிந்தது, அப்புறம்தான் நுழைய முடிந்தது. கோயில் நுழைவுச் சட்டம் வந்ததோ 1947இல். அந்த ஊரில் 'சாதியை ஒழிக்கும் வழி' யார் கையில் இருக்க வேண்டிய புத்தகம்? உள்ளே போனவர்கள் கையிலா, எதிர்த்து நின்றவர்கள் கையிலா? சாதியால் அடி வாங்கினவனுக்கே சாதியைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அடித்தவன் வீட்டு அலமாரியில் அந்தப் புத்தகம் இல்லவே இல்லை. ரங்கநாதன் சொன்ன அந்த இரண்டாவது பாதியை இங்கே வைத்துப் பாருங்கள். இந்தப் புத்தகத்துக்கு அதற்கான வாசகர் இன்னும் கிடைக்கவில்லை.

நம்ம தங்கைக்கு அஞ்சாவது மாசம் ஒரு தோழர் நூலகத்திலிருந்து நட்சத்திரப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார். பத்து நிமிஷம் பேச வேண்டியவள் அரைமணி பேசினாள். நட்சத்திரத்தின் ஒளியை வைத்து அதன் வெப்பத்தைப் படிக்க வழி செய்த சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். 1920இல் அதை வெளியிட்டவர் மேகநாத் சாஹா. டாக்கா பக்கத்துக் கிராமத்துச் சின்ன மளிகைக் கடைக்காரர் மகன், தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர். "கல்கத்தா ஹாஸ்டல்ல அவரை மத்த பசங்களோட ஒக்காந்து துன்ன விடலியாம்ணா" என்றாள். சாதியைப் பற்றி அன்றைக்கு எங்களுக்குச் சொன்னது அவள். நாங்கள் ஒரு தலித் புத்தகத்தைக் கொடுத்து அவளுக்குச் சொல்லித்தரவில்லை. நட்சத்திரம் வரைக்கும் போய்த் தானே எடுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வருஷத்துக்கு நான் முன்வைக்கிற யோசனைகள் நாலு. விவாதித்து முடிவெடுங்கள்.

ஒன்று: சீட்டில் பெயரோடு, அந்த மாசம் எதைப் பற்றித் தெரிஞ்சுக்க ஆசை என்று ஒரு வரி எழுதிப் போடணும். தேர்வு செய்கிறவர் அதைக் காதில் வாங்கணும். மீறி வேறொன்றைக் கொடுத்தால், ஏன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லணும்.

ரெண்டு: தான் படிக்காத புத்தகத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. 'இது உனக்கு ஆகும்' என்று கேள்விப்பட்டதை வைத்துக் கொடுப்பது மாட்டுக் கடன்தான்.

மூணு: 'சாதியை ஒழிக்கும் வழி'யும் 'கருக்கு'வும் முதலில் ஊர்த்தெருத் தோழர்களுக்குப் போகணும். படித்துவிட்டு அவர்கள் பேசட்டும். நம்ம கஷ்டத்துக்கு உச்சுக்கொட்டிவிட்டு உட்கார வேண்டாம். தன் வீட்டில், தன் தெருவில் என்ன பார்த்தார்கள் என்று பேசட்டும்.

நாலு: ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ஒரு புத்தகத்தை வட்டத்துக்கு வெளியே கொடுக்கணும். டீக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், உடன் வேலை பார்க்கிறவர், யாராகவும் இருக்கலாம். காலனிக்காரன் ஊர்க்காரனுக்குப் புத்தகம் தேர்ந்து கொடுத்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். சிலர் வாங்க மாட்டார்கள். சிலர் வாங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். அதையும் பதிவேட்டில் எழுதி வைக்கிறேன். அதுவும் ஒரு வரலாறுதான்.

கொடுப்பது அவர்கள், வாங்குவது நாம் என்கிற ஏற்பாடு ரொம்ப காலம் நடந்துவிட்டது. பழைய சோறானாலும் புத்தகமானாலும் கை நீட்டி நிற்கிற பக்கம் நம்ம பக்கமாகவே இருந்தது. இனி தேர்கிற கையாகவும் நம்ம கை இருக்கட்டும். லாகூரில் நடக்காமல் போன அந்தக் கூட்டத்தைத் திருவண்ணாமலையில் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நாம் நடத்துவோம்.