சளிக்கெல்லாம் மாத்திரை வேண்டாம்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தால் நாம் முதலில் மருந்துக் கடைக்குத்தான் ஆள் அனுப்புகிறோம். ‘போன தடவை கொடுத்த மாத்திரையே போதும்’ என்கிறோம். ஆண்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதன்மேல் அந்த மாத்திரை வேலை செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பது மட்டும் பாக்டீரியாவுக்கு அடையாளமல்ல.

பிறகு பாக்டீரியா எப்போது தாக்குகிறது? நம் கன்னத்திலும் நெற்றியிலும் சைனஸ் எனும் காற்றறைகள் உள்ளன. மூக்கு வீங்கி அவற்றின் வாசல் அடைபட்டால் உள்ளே நீர் தேங்கி, கிருமி பெருகுகிறது. ஒவ்வாமை, மூக்குத் தண்டு வளைவு, சதை வளர்ச்சி, பீடி சிகரெட் புகை, மேல்வரிசைச் சொத்தைப் பல் ஆகியவை இதற்கு வழிவிடுகின்றன. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஆபத்து அதிகம். குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், பாசிமணியோ கடலையோ உள்ளே சிக்கியிருக்கலாம். நீங்களே குச்சி விட்டு எடுக்க முயலாதீர்கள்.

மூக்கு வாசலில் வரும் கொப்புளத்துக்குப் பெரும்பாலும் நம் விரலே காரணம். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஏறக்குறைய பத்தில் மூன்று பேரின் மூக்கில் தொல்லை தராமல் குடியிருக்கிறது. மூக்கைக் குடைந்தாலோ முடியைப் பிடுங்கினாலோ உண்டாகும் சிறு காயம் வழியே அது உள்ளே இறங்கும். கொப்புளத்தைப் பிதுக்கவே கூடாது.

உளூவில் இரு கைகளையும் மணிக்கட்டுவரை கழுவிய பிறகே மூக்குக்கு நீர் செலுத்துகிறோம், இடக்கையால் சிந்துகிறோம். ஜமாஅத்தைப் பிடிக்கும் அவசரத்தில் இந்த ஒழுங்கை நாம் குறைத்துவிடக் கூடாது. நகத்தையும் வெட்டி வைப்போம்.

10 நாளாகியும் சளி குறையாவிட்டாலோ, குறைந்து மறுபடி கடுமையானாலோ, கடும் காய்ச்சலோடு முகம் வலித்தாலோ டாக்டரிடம் செல்லுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வைக் கோளாறு, தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் எழுதிய ஆண்டிபயாடிக்கை, சுகமானதும் நிறுத்தாமல், அவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்சம் வைத்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

செலவை நினைத்து யாரும் நாளைக் கடத்த வேண்டாம். தயங்காமல் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். எங்களால் இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவோம்.

வஸ்ஸலாம்.