தீர்மானம் எழுதும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும்

(டிரஸ்டின் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம்மிடம் உதவி கேட்டு வரும் குடும்பங்களில் நடைபாதையில் கடை போட்டுப் பிழைக்கிறவர்கள் உண்டு. நாலு நாள் கடை போட முடியாமல் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். நாம் கொடுக்கும் தொகை ஒரு மாதத்துக்குத் தாங்கும். ஆனால் அந்தக் கடை அங்கே இருக்கலாமா, கூடாதா என்பதை முடிவு செய்வது மாநகராட்சி. அந்த முடிவில் நமக்கு என்ன பங்கு என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

தி. நகர் பாண்டி பஜாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் அங்கிருந்த நடைபாதை வியாபாரிகளைப் பல மாடி வணிக வளாகத்துக்குள் மாநகராட்சி மாற்றியது. 2014-ல், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்குப் போக வேண்டும் என்பது அந்தக் கொள்கை. 2019 நவம்பரில் தியாகராய சாலையில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது.

நல்ல காரியம்தான். கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவருக்கும், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் தாய்க்கும் அது நிம்மதி. ஆனால் ஹேர்கிளிப்பும் கைக்குட்டையும் போகிறவர் கண்ணில் பட்டால்தான் விற்கும். அதை வாங்குவதற்காக மாடி ஏறுகிறவர் எத்தனை பேர்?

நடக்கிறவரா, வியாபாரியா என்று ஒருவரை மட்டும் தேர்ந்தெடுப்பது நியாயம் அல்ல. இருவருக்கும் இடம் பிரித்துத் தர வேண்டும். அதைச் சபையில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே! 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை சென்னையில் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலரே கிடையாது. அந்த நடைபாதை வளாகம் திறக்கப்பட்டதும் அந்த இடைவெளியில்தான்.

இன்று நமக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன.

முதலாவது, 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் தரும் வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. அதன் பிறகும், இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பறிமுதல் செய்த சரக்கை, கட்டணம் கட்டிக் கேட்டால், இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். பழம், பூ போன்ற அழுகும் பொருள் என்றால் அன்றே தர வேண்டும். கமிஷனர் தலைமையிலான நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தப் பிரதிநிதிகளில் சிறுபான்மையினருக்கும் உரிய இடம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இரண்டாவது, ஏரியா சபை. நம் 200 வார்டுகளிலும் வார்டு கமிட்டியும் அதன் கீழ் ஏரியா சபைகளும் அமைக்க 2022-ல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே மக்களோடு உட்கார்ந்தார். அந்தத் தெருவின் வாக்காளர் யாரும் அதில் பேசலாம். சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, நடைபாதை எல்லாவற்றையும் அங்கே கேட்கலாம்.

கல்யாணத்துக்கு நூறு பேர் போகிறோம். ஏரியா சபைக்கு எத்தனை பேர் போகிறோம்? போகாதவர் தெருவைப் பற்றியும் அங்கே தீர்மானம் எழுதத்தான் செய்வார்கள்.

ஆகவே மூன்று வேண்டுகோள். நம் குடும்பங்களில் தெரு வியாபாரம் செய்கிறவர்கள் சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏரியா சபைக்கு வீட்டுக்கு ஒருவராவது போங்கள். தண்ணீர், குப்பைக் கஷ்டம் அதிகம் தெரிந்த பெண்கள் போனால் இன்னும் நல்லது. வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் மனுவாகக் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

நமக்காக மட்டும் கேட்க வேண்டாம். பக்கத்துக் கடைக்காரர் எந்தச் சமயத்தவரானாலும் அவருக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே மழையில் நனைகிறோம், ஒரே நடைபாதையில் நடக்கிறோம்.

அல்லாஹ் நம் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.